துடைப்பத்துக்கும் பொட்டு

தாம்பரத்துக்குப் பக்கத்தில் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆயுதபூஜை அன்று மெஷின்கள் ஓடாது. தைக்கிற பெண்கள் அவரவர் மெஷினுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைப்பார்கள். அருள்மேரி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்தான். ஆனாலும் காலர் தைக்கும் தன் மெஷினுக்கு அவளும் வைத்தாள். சோறு போடுகிற மெஷினிடம் என்ன மத பேதம்?

தொண்ணூற்றொன்றில் பூஜை முடிந்து எல்லோரும் பொரியோடு தரையில் உட்கார்ந்தபோது, மேனேஜர் வைத்தீஸ்வரனும் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்தார். பம்பாயில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர். வந்ததிலிருந்து மனசு, மனசு என்று ஒரே புராணம்.

"இன்னிக்கு ஆபீசரும் இல்லே, ஒர்க்கரும் இல்லே. மனசுல என்ன இருந்தாலும் ஃப்ரீயா சொல்லுங்கம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ப்ராமிஸ்."

அருள்மேரிதான் பைத்தியக்காரி, நம்பித் தொலைத்தாள். எத்தனை நாள்தான் நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சாவது?

"சார், சூப்பர்வைசர் பொன்னுரங்கம் சார் பின்னால வந்து நின்னாலே கை நடுங்குது. எல்லார் எதிர்லயும் தைச்ச பீஸைத் தூக்கி மூஞ்சில அடிக்கிறாரு. வூட்டுக்குப் போனாலும் அந்தக் கத்தல் காதுலயே கீது. தூக்கமே வர்றதில்ல சார்."

பொன்னுரங்கம் பொரியில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்தத் தைரியம்தாம்மா வேணும்" என்று வைத்தீஸ்வரன் கைதட்டினார். சிட்லபாக்கத்து வீட்டுக்கு நடந்து போகும்போது அருள்மேரிக்கு மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள், பாவம்.

லீவு முடிந்து வந்தபோது அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். வைத்தீஸ்வரன் அன்பாகத்தான் சொன்னார்.

"நடுங்குற கையோட ஊசிகிட்ட உக்காரக்கூடாதும்மா. உன் நல்லதுக்குத்தான். டென்ஷனே இல்லாத வேலையா தரச் சொல்லியிருக்கேன்."

டென்ஷன் இல்லாத வேலை என்பது நூல் பிசிறையும் வெட்டுத் துணியையும் கூட்டிப் பெருக்குவது. சம்பளமும் குறைந்தது. பொன்னுரங்கம் இப்போது அவளிடம் கத்துவதில்லை. "ஏ கீழ்ப்பாக்கம், இங்க குப்பை கீது பாரு" என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரே அவளுக்குப் பெயராகிப்போனது. மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவர் பார்வை தங்கள் மேல் திரும்பும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. யாரோ சிரத்தையாக அவள் துடைப்பத்துக்கும் சந்தனம் தடவிப் பொட்டு வைத்திருந்தார்கள். வைத்தீஸ்வரன் மறுபடியும் தரையில் உட்கார்ந்தார்.

"போன வருஷம் அருள்மேரி மனசுவிட்டுப் பேசினா. உடனே ஆக்‌ஷன் எடுத்தோம். இப்ப எப்படிம்மா இருக்கே?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவளுடைய பழைய மெஷினுக்குப் பக்கத்து மெஷின்காரி செல்வம்மாள், தன் நடுங்கும் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். அருள்மேரி அதைக் கவனித்தாள். துடைப்பமும் கைவிட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"நல்லாகீறேன் சார். நல்லா தூக்கம் வருது."

முதலில் கைதட்டியவர் பொன்னுரங்கம்.

"வேற யாராவது பேசறீங்களா?" என்று கேட்டார் மேனேஜர். எல்லோரும் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள்.