நாற்பது பேருக்கும் நல்ல கண்

கம்பத்தில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ருக்சானா, இலவச மருத்துவ முகாமுக்குத் தன்னார்வலராகப் போனது அதுதான் முதல் தடவை. மேகமலையில் ஓர் ஏலக்காய்த் தோட்டம். தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில், பால்வாடிக் கட்டடத்தில் முகாம். கிட்டத்தில் இருப்பது தெரிகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு.

எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டையை ஒரு முழத் தூரத்தில் பிடிக்க வேண்டும். மூன்று பல் சீப்புப் போல ஓர் உருவம், வரிக்கு வரி சிறிதாகிக்கொண்டே போகும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டினால் போதும்.

மதியத்துக்குள் நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் கடைசி வரிவரை பிசகாமல் காட்டினார்கள்.

"ஏம்மா, இருநூறு கண்ணாடி கொண்டாந்தோம். ஒருத்தருக்குக்கூட வேண்டாமா?" என்று டாக்டர் ஜெபராஜ் கேட்டார்.

ருக்சானாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைக்கு வருகிறவர்களில் ஐம்பது வயதுக்காரர் எவரும் பில்லைத் தள்ளிப் பிடிக்காமல் படித்ததில்லை. மலைக்காற்றுக்குக் கண் கெடாதா? தான் சொல்லிக் கொடுத்ததில்தான் ஏதும் தப்பா?

நாற்பத்தோராவதாக மொக்கம்மாள் வந்து உட்கார்ந்தாள். அட்டையை ருக்சானா தூக்குவதற்குள்ளேயே அவள் கை மேலே போனது. பிறகு வலது, கீழ், இடது.

ருக்சானா அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். மொக்கம்மாள் கை அதே வரிசையில்தான் போனது.

"அக்கா, இது தெரியுதா உங்களுக்கு?"

மொக்கம்மாள் வாசலைப் பார்த்தாள். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் கையை ஆட்டிப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாயி, சத்தம் போடாத. கண்ணு தெரியலைன்னு எழுதிட்டா, காய் தரம் பிரிக்கிற வேலையில இருந்து நிப்பாட்டிருவாகளாம்."

"யார் சொன்னாக?"

"சொன்னாக. எல்லாரும் சொன்னாக."

ருக்சானா வெளியே போய், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் விஜய்ராஜிடம் கேட்டாள். அவர் பதறிப்போனார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க! பார்வை கொறஞ்சவுங்க பேரை லிஸ்ட் எடுத்துக் குடுன்னு ஆபீஸ்ல கேட்டாக. அம்புட்டுத்தான்."

"எதுக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகத்தில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. மொக்கம்மாள் முகத்திலும்தான் பொய் இல்லை. யாரை நம்புவது என்று தெரியாமல் டாக்டரிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு புதுத் தாளை எடுத்து நீட்டினார். "பேரே எழுதாத. வயசை மட்டும் போடு. பேர் எழுத மாட்டோம்னு சொல்லி எல்லாரையும் திரும்பக் கூப்பிடு."

இந்த முறை அட்டை இல்லை. ஒரு ஊசி, ஒரு நூல். கோக்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி. முப்பத்தைந்து ஜோடி போயிற்று. கண்ணாடி போட்டதும் மொக்கம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வேலைக்குப் போட்டுட்டுப் போங்கக்கா."

"அங்கன போட்டா தெரிஞ்சுருமே."

அப்புறம் எதற்கு இந்தக் கண்ணாடி? ருக்சானா அதைக் கேட்காமல் அடுத்தவருக்கு ஊசியை நீட்டினாள். சாமான்களைக் கட்டும்போது விஜய்ராஜ் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"மேடம், எனக்கும் ஒண்ணு. பேரு எழுத வேண்டாம்."

ஜீப் சின்னமனூர்ச் சாலையில் குலுங்கி இறங்கும்போது ருக்சானா கேட்டாள்.

"அந்த லிஸ்ட் எதுக்குத்தான் சார் கேட்டிருப்பாக?"

"தெரியலம்மா. கண்ணாடி வாங்கிக் குடுக்கக்கூட இருக்கலாம்."

அவள் அதை நினைத்தே பார்க்கவில்லை. மடியிலிருந்த தாளைப் பிரித்தாள். ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு, அறுபது. எந்த வயது யாருடையது என்று இனி அவளாலும் சொல்ல முடியாது. செய்தது சரிதானா என்று கேட்க நினைத்தாள். டாக்டர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.