காலிக் குழாய்

"நிறைஞ்ச டப்பா நசுங்குமா, காலி டப்பா நசுங்குமா?"

கல்யாணமான புதிதில் அவன் அவளிடம் இப்படிக் கேட்டிருந்தான். பிறகு, ஒரு பக்கம் துருப்பிடித்த காலி டப்பாவை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். துரு தின்ற இடத்தில் குழி விழுந்தது. அந்தக் குழியே மடிப்பாகி டப்பாவின் நீளத்துக்கும் ஓடியது.

"கடலுக்கடியில எண்ணெய்க் குழாயும் இப்படித்தான். உள்ள எண்ணெய் இருந்தா அதுவே முட்டுக்கொடுக்கும். காலியானா, மேல இருக்கிற தண்ணி மொத்தமும் ஏறி அமுக்கும்."

இன்று படகுத்துறைக் கொட்டகையில், கடலுக்குள் இறங்குகிறவர்களின் ரப்பர் உடுப்புகளை உப்புப் போக அலசிக் கம்பியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது.

"சார், அடிப்பக்கம் தகடு பேப்பராட்டம் ஆயிடுச்சு. நேத்து நானே தடவிப் பார்த்தேன். ஒட்டுப்போட ஆளை இறக்கணும்னா, முதல்ல குழாய்ல தண்ணி ரொப்புங்க. காலியா இருக்கிறப்ப மடிஞ்சா, பக்கத்துல இருக்கிறவனையும் சேர்த்துச் சுருட்டிடும்."

"எனக்குத் தெரியாதா?" இன்ஜினியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தண்ணி ரொப்பினா திரும்பக் காய வைக்க ரெண்டு வாரம் ஆகும். அவ்வளவு நாள் நிறுத்த முடியாதுன்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. காலையிலேயே காலி பண்ணியாச்சு."

"அப்ப நான் இறங்க மாட்டேன்."

"இறங்காதப்பா. வேற ஆள் சொல்லியாச்சு."

அந்த வேறு ஆள் உடுப்பு வாங்கக் கொட்டகைக்கு வந்தான். அவளுடைய தம்பி. வேலை போனதிலிருந்து அவள் வீட்டில்தான் இருக்கிறான்.

"டேய், நீயா?"

"மூஞ்சிய அப்படி வைக்காதக்கா. மாமாவுக்கு வயசாயிடுச்சு. மீனெல்லாம் 'உட்காருங்க பெரியவரே'ங்குதாம்."

அவள் சிரிக்கவில்லை. "குழாய் காலியா இருக்குடா."

"தெரியும். எத்தனை நாளைக்கு உன் வீட்டுல முடங்கிக் கிடக்கிறது? இன்னைக்கு மாட்டேன்னா அப்புறம் கூப்பிடுவாங்களா?"

கையிலிருந்த உடுப்பை அவள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். தம்பி அதன் ஒரு கையைப் பற்றி இழுத்தான். ரப்பர் இரண்டு பேருக்கும் நடுவில் நீண்டது.

வாசலில் அவள் கணவன் வந்து நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, உடுப்பை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"மாமா, அது எனக்குக் கிடைச்ச வேலை…"

"இன்னும் காயலையே," என்றாள் அவள்.

அவன் படகை நோக்கி நடந்தான். உடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர், துறைப் பலகைகளின் மேல் அவன் பின்னாலேயே ஒரு கோடாக ஓடியது.