திரையில் நின்ற பெயர்

எங்கள் மருத்துவமனையின் கதிர்வீச்சு அறையில் இருக்கும் கணினியை யாரும் அணைப்பதில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ்கூடக் கிடையாது. எதுவானாலும் எழுத்தாகத் தட்டித்தான் சொல்லவேண்டும். ஒருமுறை அணைத்தபோது அது ஒரு வாரம் எழவேயில்லை. நோயாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அதன் சுவிட்சில் கை வைக்க எல்லோருக்கும் பயம். எனக்கும்தான்.

அது பிறந்த காலத்தில் பென்டிரைவ் என்ற ஒன்றே கிடையாது. ஃப்ளாப்பிகள் எல்லாம் செத்த பிறகு லாகோஸிலிருந்து ஒருவன் வந்து, ஏதோ ஒரு சின்ன புரோகிராமைப் போட்டு, பென்டிரைவை அதன் கண்ணுக்குத் தெரியவைத்தான். போகும்போது ஒன்று சொன்னான். பென்டிரைவைச் செருகிய பிறகுதான் கணினியைப் போடவேண்டும். ஓடும்போது வேறொன்றை மாற்றினால் அதற்குத் தெரியாது, பழையதே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அணைத்துப் போடுங்கள் என்றான். அணைத்துப் போடுவதாம். சொல்லிவிட்டு அவன் லாகோஸுக்குப் போய்விட்டான், இங்கே இருக்கப்போவது நாங்கள்தானே.

என்னோடு வேலை செய்யும் லசிசி ஓடும்போதே மாற்றிவிடுவான். திரையில் பழைய நோயாளியின் பெயரே நிற்கும். கோப்பைத் திறந்தால் உள்ளே புதிய நோயாளியின் அளவுகள் வரும். பெயர்தான் பொய், உள்ளே இருக்கும் எண் பொய் சொல்லாது என்பான். கிழவருக்கு ஞாபகம் மங்கிவிட்டது என்று கணினியைக் கிண்டல் செய்வான். நானும் சிரித்திருக்கிறேன்.

திரையை நம்ப முடியாததால் துணியை நம்பினோம். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி பென்டிரைவ். யாருக்கு எந்த இடத்தில் எவ்வளவு நேரம் கதிர் பாயவேண்டும் என்று டாக்டர் மாடியில் கணக்குப் போட்டு அதில் ஏற்றித் தருவார். அதன் காதில் அந்த நோயாளியின் துணியிலிருந்து கிழித்த ஒரு நாடாவைக் கட்டிவிடுவோம். எங்கள் பக்கத்தில் முகத்தை மறந்தாலும் துணியை மறக்கமாட்டார்கள்.

அன்று என் அக்கா எபுன்லோமோவின் முறை. மார்பில் கட்டி. நன்றாகச் சதைபோட்டிருந்தவள் இந்த ஆறு மாதத்தில் பாதியாக வற்றிவிட்டாள். பயம் வந்தால் அவளுக்குப் பாட்டு வரும். மேஜையில் படுத்துக் கதவு சாத்தியதும் சர்ச்சில் பாடும் பாட்டு ஒன்றை எடுப்பாள். இரண்டாவது சரணம் முடியும்போது இயந்திரமும் நிற்கும். ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டு நான் வெளி அறையில் உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊர் இகாரேயிலிருந்து வரும் பஸ் அன்று தாமதம். அவள் வந்து சேர்ந்தபோது லசிசி அக்காரா வடை வாங்க கேன்டீனுக்குப் போயிருந்தான். நானே அவளைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன். திரையில் EBUNLOMO என்று நின்றது. காலையில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எழுவதற்குள் கணினி தானே செத்து, கடவுள் புண்ணியத்தில் தானே பிழைத்தது. முதல் முறை அவளுடையது என்பதால் அப்போது அவள் பென்டிரைவைத்தான் செருகியிருந்ததாக லசிசி சொல்லியிருந்தான். இருந்தாலும் கணினியின் பின்னால், பென்டிரைவ் செருகும் சுவர்ப்பக்கம் எட்டிப் பார்த்தேன். நீலத்தில் மஞ்சள் பறவை போட்ட நாடா தொங்கியது. பெரியப்பா சாவுக்கு எடுத்த துணி. ஊரே அந்தத் துணியில் தைத்துக்கொண்டு வந்து நின்றது.

கோப்பைத் திறந்து, தொடங்கும் பொத்தானில் விரலை வைத்தேன். அப்போதுதான் அந்த எண் கண்ணில் பட்டது. மார்பின் தடிமன் இருபத்தாறு சென்டிமீட்டர்.

என் அக்காவுக்கு இருபத்தாறா? போன மாதம் நான்தானே அளந்தேன், பதினேழு. உடம்பு தடித்தால் கதிர் கூடுதல் நேரம் பாயவேண்டும். கீழே இருந்த நேரத்தைப் பார்த்தேன். அவளுக்கு வழக்கமாக ஓடுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விரலை எடுத்தேன்.

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "ஏன்டி வுரா, இன்னும் ஆரம்பிக்கலையா? நான் பாட்டை எடுக்கறதும் நிறுத்தறதுமா கெடக்கேன்."

கொஞ்சம் பொறு அக்கா என்றேன்.

லசிசி எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தான். அந்தப் பென்டிரைவைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டி, இது யாருடையது என்று கேட்டேன்.

"ஃபதிபே பாபாவோடது, அந்தத் தடிச்ச பெரியவரு. உங்கக்கா பஸ் வரலைன்னு அவரை முடிச்சு அனுப்பிட்டேன்."

"துணி அக்காவோடது லசிசி."

"அவரு தொப்பியும் அதே துணிதான். அவரும் இகாரேக்காரரு. ஒரே சாவுக்குப் போனவங்கதானே ரெண்டு பேரும்?" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்து அக்காவின் பென்டிரைவை எடுத்தான். அதே நீலம், அதே பறவை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா படுத்திருப்பது அவனுக்குப் புரிந்தது.

நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். பென்டிரைவை மட்டும் மாற்று, அணைக்காதே, வெளியே வராந்தாவில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் பார் என்று கெஞ்சினான். பார்த்தேன். எல்லோரையும் எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். இது எழாமல் போனால் அவர்களிடம் போய் என்ன சொல்வது? ஆனால் பொய்யான பெயர், பொய்யான துணி, இரண்டையும் வைத்துக்கொண்டு என் அக்காமேல் கதிரைத் திறக்க என்னால் முடியாது. பாபாவின் பென்டிரைவைத் தரையில் போட்டு, அவன் கையை உதறிவிட்டு அணைத்தேன்.

விசிறிச் சத்தம் நின்றது. அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதேயில்லை. அக்காவின் பென்டிரைவைச் செருகிச் சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. லசிசி அல்லாவைக் கூப்பிட்டான், நான் ஏசுவைக் கூப்பிட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கியது. எழுத்துகள் ஒவ்வொரு வரியாக ஏறின.

EBUNLOMO. முன்பு நின்ற அதே பெயர், ஓர் எழுத்துகூட மாறவில்லை. கோப்பைத் திறந்தேன். பதினேழு. அப்படியும் நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய் அளவுகோலை அவள் மார்பில் வைத்து அளந்தேன். நெஞ்சு எலும்பு கையில் தட்டுப்பட்டது. உனக்குப் பைத்தியமா என்று திட்டினாள்.

வெளியே வந்து பொத்தானை அழுத்தினேன். அவள் பாட்டை எடுத்தாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதின் கடைசி வரியில் இயந்திரம் நின்றது. எனக்கு அழுகை வந்தது. லசிசி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அக்கா தலைத்துணியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்குப் போயா ரெண்டு பேரும் இப்படி முழிக்கறீங்க? போன வியாழக்கிழமை நீ இல்லாதப்பதான்டி எனக்கே கொஞ்சம் பயமாப் போச்சு. பாட்டு முழுசையும் பாடி முடிச்சிட்டேன், நிக்கலை. மறுபடி முதல்லேர்ந்து பாடினேன்."

வியாழக்கிழமை ஃபதிபே பாபாவும் வந்திருந்தாரா என்று நான் லசிசியைக் கேட்கவில்லை. அவன் தரையில் கிடந்த பென்டிரைவின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளைக்கும் இதே நேரம்தானே என்று அக்கா கேட்டாள்.