பெற்றவள் கைத் தண்ணீர்

“உக்காரு சூசை. இன்னிக்கு ஒரு பொழுதுக்கு இது ஒன் வீடு” என்றார் தங்கசாமி.

சூசையம்மாள் நாற்காலியைப் பார்த்தபடி நின்றாள். அறுபது வயதுவரை மேலத்தெருவின் இந்த வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தாண்டாதவள் அவள். மாதா கோயிலில்கூட மேலத்தெருவுக்கு நடுப்பக்கம், கீழத்தெருவுக்கு ஓரம். இரண்டு தெருவும் கும்பிடுவது ஒரே ஏசுவைத்தான். அவரால்தான் என்ன செய்ய முடியும், கையையும் காலையும் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

மகள் லூர்தம்மாள் கன்னியாஸ்திரீயாகப் போக ஆசைப்பட்டபோது, மடத்தில் தெருவை விசாரித்துவிட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். பெண் ஓர் இத்தாலி டாக்டரம்மாவோடு கப்பலேறினாள். அங்கே நாதியற்ற கிழவிகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு சபையையே தொடங்கினாள். அந்த ஊரில் யாரும் தெருவைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெற்றவளைப் பார்க்க ஒரு தடவை வரக்கூட வாய்க்காமல், எழுபத்து மூன்றாம் வருஷம் அங்கேயே கண்ணை மூடினாள்.

இப்போது அந்தச் சபையின் சிஸ்டர்கள் இருவர் வருகிறார்கள். மதர் லூர்து பிறந்த வீட்டு வாசலில் அவர் பெயரால் ஒரு கிணறு வெட்டித் தரப்போகிறார்களாம். ஒரு குடம் தண்ணீருக்குக் கீழத்தெரு இரண்டு மைல் நடந்து ஊருணிக்குப் போகிறது. ஆனால் கிணறு தங்கசாமி வாசலுக்கு வரவேண்டுமே. அதனால் லூர்தம்மாள் இந்த வீட்டில் பிறந்தவளாகிவிட்டாள்.

“கெணறு எங்க வெட்டுனா என்ன? ஒங்க தெருவும் வந்து எறச்சுக்கிடலாம்” என்று தங்கசாமி பங்குச் சாமியார் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். தெருப் பிள்ளைகளை நினைத்துத்தான் சூசையம்மாள் சம்மதித்தாள். இப்போதும் அதே நினைப்பில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

சிஸ்டர்கள் வந்தார்கள். அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லப் பங்குச் சாமியாரும் கூட வந்தார். மூத்தவள் சூசையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லூர்தம்மாளின் செபமாலையை அந்தக் கையில் வைத்தாள். பிறகு தன் பாஷையில் என்னவோ கேட்டாள். சாமியாரின் முகம் சுண்டிப்போனது.

“ஒம் மக சாகுறப்ப, எங்கம்மா கையால ஒரு வாய் தண்ணி வேணும்னு கேட்டாகளாம். அவுகளுக்குக் கெடைக்கல. அவுகளுக்காக இவுக குடிச்சிட்டுப் போகணுமாம்” என்றார்.

தங்கசாமியின் மனைவி ஞானத்தாய் அவசரமாகச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். சிஸ்டர் சிரித்துக்கொண்டே தலையசைத்து, சூசையம்மாளைக் காட்டினாள்.

தங்கசாமி மனைவியைப் பார்த்தார். அவள் அடுப்படியைப் பார்த்தாள்.

“போ, மோந்து குடு” என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

சூசையம்மாள் எழுந்தாள். சொந்த வீட்டில் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நெல் அறைப்பக்கம் போனாள். “இந்தப் பக்கம்” என்று ஞானத்தாய் சீறினாள். பானைக்குள் செம்பை விட்டாள். மொண்டு வந்து கொடுத்தாள். சிஸ்டர்கள் கண்ணை மூடிக் குடித்தார்கள்.

அவர்கள் கார் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அந்தப் பானை கொல்லையில் உடைந்து கிடந்தது. அந்த வறட்சியிலும் வீட்டைக் கழுவ நாலு குடம் தண்ணீர் இருந்தது அவர்களிடம்.

ஆறு மாதத்தில் கிணறு வந்தது. கல்கண்டுத் தண்ணீர். ‘மதர் லூர்து பிறந்த இல்லம்’ என்று கல்லும் நட்டார்கள். முதல் நாளே கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். சூசையம்மாள் கயிற்றுக்குக் கை நீட்டினாள்.

“தொடாத” என்றார் தங்கசாமி.

“எறச்சுக்கிடலாம்னு சொன்னீகளே ஐயா.”

“தண்ணி இல்லன்னா சொன்னோம்? தள்ளி நில்லு, ஊத்துவாக.”

சாமியார் நின்றிருந்தார். சூசையம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் கிணற்றை மந்திரிக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

ஞானத்தாய் உயரத்திலிருந்து ஊற்றினாள். குடம் நிறைந்தது. சூசையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகள் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறதென்று தெரியும். குடத்தை அதன் அடியில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டுவரை வடியவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிப் பாதையில் நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஓரடி முன்னே நகர்ந்து குடத்தை நீட்டினார்கள். பிள்ளைகள் தாகத்தோடு கிடக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

“பெத்த மக பேர்ல வந்த தண்ணி” என்றாள் ஞானத்தாய், அடுத்த குடத்துக்கு ஊற்றியபடி. “அதப் போயிக் கொட்டிட்டுப் போறா பாரு, கல்நெஞ்சுக்காரி.”