பக்கத்து மேசையிலிருந்து ஒரு மெசேஜ்

அந்த இன்ஷூரன்ஸ் ஆபீசின் கிளெய்ம் பிரிவில் எல்லோருக்கும் அக்கா அவள்தான். ஒரு வருடமாக அக்காவுக்குக் காது மந்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் கீழ்த்தளத்துப் பழைய ஃபைல் அறைக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே பேச்சுத் துணைக்கு ஒரு பல்லிகூடக் கிடையாது. வீட்டிலும் தனி, ஆபீசிலும் தனி என்றால் மனுஷி எங்கேதான் போவாள்?

நல்லவேளையாக, பிரிவில் புதுப் பைத்தியம் ஒன்று கிளம்பியிருந்தது. எல்லோரும் சொந்தப் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்தபடியே எழுதித் தள்ளினார்கள். 'அந்த பைக் விபத்துக்கு ஆஸ்பத்திரி பில் வந்துச்சா?' 'டீக்குப் போலாமா?' பக்கத்து மேசைக்காரி வாயை மூடவே தெரியாமல் வானொலி என்று பேரெடுத்தவள். அவள்கூட இப்போது விரலால்தான் பேசினாள்.

"என்னடி, வாயை வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று அக்கா கிண்டலடிப்பாள். உள்ளுக்குள் அந்தப் பைத்தியத்துக்கு ஆயிரம் நன்றி சொல்வாள்.

வினை புது மேனேஜர் உருவத்தில் வந்தது. பிரிவு முழுவதையும் தன் அறைக்குக் கூப்பிட்டு, கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினார். மீசை உதட்டை மறைத்தது. அக்காவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை, தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். மடியில் போன் அதிர்ந்தது. குரூப்பில் வானொலி.

'பக்கத்துல இருக்கறவங்களுக்கு எதுக்கு மெசேஜ், இனிமே ஆபீஸ்ல போனே கூடாதுங்கறார்.'

'யார் ஆரம்பிச்சதுன்னு கேக்கறார். நான்தான்னு சொல்லிட்டேன். நீங்க பேசாம இருங்க அக்கா.'

அக்கா நிமிர்ந்தாள். அவர் பேசுவது அறையில் மற்ற எல்லோருக்கும் கேட்கிறது. அப்படியானால் இந்த மெசேஜ் யாருக்கு? இத்தனை மாதமாக எழுதியதெல்லாம் யாருக்கு? வானொலி மேசைக்கு அடியில் கையை மறைத்து, திட்டு வாங்கிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுந்தாள்.

"சார், அவ மேல தப்பில்ல. எனக்குக் காது கேக்கல. எனக்காகத்தான் இவங்க எழுதறாங்க. கீழ அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

மேனேஜர் ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். போனில் ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வானொலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கடி. என்ன சொல்றார்னு டைப் பண்ணு!"

'யாரையும் கீழ அனுப்பலயாம். கேஸ் தேங்காம போனா போதுமாம். குரூப்பும் இருக்கட்டுமாம்.'

"கேட்டுச்சு சார்," என்றாள் அக்கா, அறையே அதிரும்படி.