முராத் வீட்டுத் தண்ணீர்

சபதச் சட்டத்தில் தன்னை மிஞ்ச அலெப்போ யூதர்களில் ஆளில்லை என்று சியாஹு தானே சொல்லிக்கொள்வார். காலை ஜெபத்துக்கு முன் கூடும் பாடக் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஒருவனோடு ஒட்டுறவில்லை என்று போட்ட சபதத்தை அவன் முகத்துக்கு முன்னால்தான் அவிழ்க்கலாம் என்று சொல்லும் சட்டநூல் பக்கத்தைப் போன வாரம்தான் வெளுத்து வாங்கினார். "ஏன் தெரியுமா? வெட்கப்படட்டும்னுதான். நல்லா உறைக்கட்டும்" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஊருக்குத்தான் உபதேசம். ஏழு வருஷமாகத் தம்பி முராத் வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. அப்பா இறந்த துக்க வீட்டில், அத்தனை பேர் நடுவில், "அப்பா கடைசி மூச்சுக்கு எனக்குச் சொல்லி அனுப்பாதவன் நீ. உன் வீட்டுத் தண்ணிகூட எனக்கு விலக்கு" என்று சபதம் போட்டவர் அவர். இப்போது முராத்தின் மகள் லத்தீஃபாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஒரே தம்பி, அவனுக்கு ஒரே மகள். அந்தப் பந்தியில் உட்காராவிட்டால் இந்த ஜென்மத்தில் அண்ணன் தம்பி உறவு அவ்வளவுதான்.

சட்டப் பண்டிதர் ஹாகாம் ஷெஹாதேயிடம் போனார்.

"மூணு பேர் உட்கார்ந்து, காதும் காதும் வச்ச மாதிரி அவுத்து விட்டுடுங்க ஹாகாம்."

"போன வாரம் அந்தப் பக்கத்தை விளக்கினது யாரு? நானா?" என்றார் ஷெஹாதே.

வியாழக்கிழமை ஜெபம் முடிந்ததும், பக்கத்து அறையில் ஷெஹாதேயும் இன்னும் இருவரும் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். சியாஹு எதிரே நின்றார். முராத் ஒரு கூஜாவோடு வந்து சுவரோரம் நின்றான்.

"என்ன சபதம், எதனால போட்டீங்க? ரெண்டையும் சொல்லணும்" என்றார் ஷெஹாதே. "காரணத்துல பொய் இருந்தா அவுத்தது செல்லாது. உங்களுக்கா தெரியாது?"

தெரியும், பாழாய்ப்போன படிப்பு எல்லாம் தெரியும். சபதத்தைச் சொல்லிவிட்டார். காரணத்துக்கு வந்ததும் கூசிப்போய்த் தரையைப் பார்த்தார்.

"தம்பி ஆள் அனுப்பாம இல்ல" என்றார் கடைசியில். "மூணு தடவை அனுப்பினான். நான் காப்பிக் கடை உள்ளறையில சொக்கட்டான் ஆடிட்டிருந்தேன். அன்னிக்கு அப்பா பக்கத்துல இருக்க வேண்டிய முறை என்னுது. அதுக்குத்தான் கூப்பிடறான்னு நினைச்சு, நான் இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன். ஊர் என்னைக் கேட்கறதுக்கு முந்தி பழியை இவன் தலையில போட்டேன்."

சியாஹுவுக்குக் காது வரை எரிந்தது.

"தெரியும்ண்ணே" என்றான் முராத். "நீ உள்ளேயிருந்து சொன்னது போன ஆளுக்கே கேட்டுச்சு. அன்னிக்கே வந்து சொல்லிட்டான்."

"அப்ப துக்க வீட்டுல ஏண்டா வாயை மூடிட்டு நின்னே?"

"அத்தனை பேர் முன்னாடி உன்னை எப்படிண்ணே தலைகுனிய வைக்கறது?"

மூன்று நீதிபதிகளும் மூன்று முறை "அவிழ்ந்தது" என்றார்கள். முராத் கூஜாவிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினான். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். சியாஹு கோப்பையை வாங்கினார். ஆனால் குடிக்கும் முன் சொல்லவேண்டிய ஆசிக்கு அவர் வாய் எழவில்லை. முராத் கோப்பையைத் திரும்ப வாங்கித் தானே அதைச் சொல்லி, ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினான். கேட்டவர் "ஆமேன்" என்றால் தானே சொன்ன கணக்குதான். சியாஹு "ஆமேன்" என்று மட்டும் சொல்லி, தலை நிமிராமல் குடித்தார்.