மூச்சுக்குழலில் ஒரு குடித்தனம்

கோலாப்பூர் உத்யம் நகரில் ஹிந்துராவ் சௌகுலே தம் கடைக்குப் புதிய பலகை மாட்டிய அன்றே அந்தத் தெருவின் அமைதி குலைந்தது. நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில் ‘இன்ஜின் மூளை நிபுணர்’ என்று எழுதியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு மூளை உண்டென்பதையே ஏற்காத ஒருவர் எதிர்க்கடையில் இருந்ததுதான் சிக்கல்.

அவர் சூர்யகாந்த் நலவடே. தெரு முழுவதற்கும் தாத்யா. திருப்புளியின் நுனியை ஓடும் இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்கும்போது நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். ஹிந்துராவோ வண்டியின் வயிற்றுக்குள்ளிருக்கும் சிறு கணினியோடு தம் மடிக்கணினியைக் கம்பியால் இணைத்து, திரையில் விரியும் கட்டங்களில் எண்களை மாற்றுவார். அந்த மடிக்கணினிக்குத் தாத்யா வைத்திருந்த பெயர் டிவி.

“ஹிந்துராவ், டிவில இன்னிக்கு என்ன சீரியல்?” என்று தினமும் காலையில் தெருவைத் தாண்டிக் குரல் வரும்.

“வில்லனுக்குக் காது மட்டும்தான் இருக்கு, மூளை இல்லை. அந்த சீரியல்தான் தாத்யா.”

இந்தச் சிறு போர் பெரும்போரானதற்குக் காரணம் உர்மிளா கோத்தின் வண்டி. பால் சேகரிப்பு நிலையங்களின் மேற்பார்வையாளரான உர்மிளா, கரும்புக் காடுகளுக்கு நடுவே ஊர் ஊராகச் சுற்றுபவள். அவளுடைய வண்டி சில மாதங்களாகத் திக்கித் திணறி, பெட்ரோலை மட்டும் தாராளமாகக் குடித்தது. தாத்யா காது வைத்துப் பார்த்தார். நோய் புரிந்தது, ஆனால் திருகுவதற்குத் திருகாணி இல்லை. புது வண்டிகளில் எல்லாம் கணினிக்குள் போய்விட்டதே.

ஹிந்துராவ் அந்த வண்டியைத் தம் டைனோவில், அதாவது சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும் உருளை மேடையில், ஏற்றிக் கட்டினார். புகைக்குழாய்க்குள் உணரியைச் செருகினார். காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் எரிகிறதா என்பதை அந்த உணரி எண்ணாகச் சொல்லும். அந்த எண்ணைப் பார்த்துத் திரையில் எண்களை மாற்றி, வண்டியை நெய்யில் வழுக்குவது போல ஓடச் செய்துவிட்டார்.

ஒன்று மட்டும் அவரை லேசாக உறுத்தியது. இதே ரக வண்டிகள் கேட்கும் பெட்ரோலைவிட இந்த வண்டி மிகக் குறைவாகவே கேட்டது. நல்ல மெக்கானிக் இந்த இடத்தில் ஏன் என்று கேட்டிருப்பார். ஹிந்துராவ் தம் திறமையில் மயங்கியிருந்தார்.

“இது அளவாச் சாப்பிடுற ரகம், உர்மிளா தாயி. நல்ல குடும்பத்து வண்டி.”

மிசல் கடையில் இந்தப் பெருமை தாத்யாவின் காதில் விழுந்தது. அவர் பாவ் ரொட்டியைக் காரக் குழம்பில் முக்கியபடியே சொன்னார்:

“கண்டே நவமி அன்னிக்கு நம்ம தெரு வண்டியெல்லாம் ஜோதிபா மலைக்குப் போகும்ல, அதுல இந்த நல்ல குடும்பத்து வண்டி ஒரு தடவைகூட இருமாம ஏறட்டும். எங்கிட்ட வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டி, அதான் கம்ப்யூட்டர் வெச்ச வண்டி, எல்லாத்தையும் உன் வாசல்ல கொண்டாந்து விடறேன். இருமுச்சுன்னா, நீ அந்தப் பலகையைக் கழட்டணும்.”

“சரி தாத்யா.”

“யோசிச்சுச் சொல்லு பாவா. பலகைல பெயிண்ட் இன்னும் சரியாக் காயல.”

கடையே சிரித்தது. வேறு வழியின்றி ஹிந்துராவ் இன்னொரு முறையும் சரி என்றார்.

ஆயுத பூஜை நாளான கண்டே நவமி வந்தது. அன்று உத்யம் நகரில் கடைசல் இயந்திரம் முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாவற்றுக்கும் செவ்வந்தி மாலை விழும். பூஜையில் அமர்ந்த கருவியை மறுநாள் தசராவன்றுதான் எடுக்கலாம். அதுவரை யாரும் தொடமாட்டார்கள். ஹிந்துராவின் மனைவி வசுந்தரா, மாமனாரின் பழைய வாளுக்குப் பக்கத்தில் மடிக்கணினியை அமர்த்தி, மூடியில் குங்குமம் இட்டு, மேலே ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்து, கம்பியைச் சுருட்டி அதற்கும் ஒரு பூ சூட்டியிருந்தாள்.

தேங்காய் உடைத்து ஆரத்தியும் முடிந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு சத்தம் கேட்டது. கக்குவான் கண்ட குழந்தை போல இருமிக்கொண்டே, உடலெல்லாம் மின்ன, கழுத்தில் மாலையோடு உர்மிளாவின் வண்டி வந்து நின்றது.

“என்ன ஆச்சு?” என்றார் ஹிந்துராவ்.

“தெரியல தாதா. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. ராத்திரி அப்பா பூஜைக்காக வண்டியைக் கழுவினார். காலையிலேர்ந்து இப்படித்தான்.”

“கழுவினாரா, இல்ல எதையாவது கழட்டினாரா?”

“ஒண்ணும் கழட்டல. சீட்டுக்கு அடியில காத்துப் போற குழல்ல அணில் கூடு கட்டியிருந்துச்சாம். காலியாத்தான் இருந்துச்சு. நார், பஞ்சு, எங்க அத்தை புடவை நூல் எல்லாம் இருந்துச்சுன்னு உருவி எடுத்து அடுப்புல போட்டுட்டார்.”

ஹிந்துராவ் மெல்ல உட்கார்ந்துவிட்டார். வண்டிக்குள் இருக்கும் கணினி காற்றை நேரே அளப்பதில்லை. கைப்பிடி எவ்வளவு திருகப்பட்டது என்பதைக் கொண்டு, இவ்வளவு காற்று வரும் என்று ஊகித்துப் பெட்ரோல் ஊற்றும். அணில் அடைத்துவைத்த அரை மூச்சுக்கு ஏற்ப அவர் அந்த ஊகத்தைத் திருத்தியிருந்தார். இப்போது அடைப்பு போய் முழு மூச்சு வருகிறது, பெட்ரோல் மட்டும் அரை வயிற்றுக்கே விழுகிறது. மூக்கைப் பொத்தியிருந்த நோயாளியின் முகத்தையே பாராமல், நாடியைப் பிடித்துப் பத்தியம் எழுதிய வைத்தியராகத் தம்மை அவர் உணர்ந்தார்.

மடிக்கணினியை இணைத்துப் பழைய எண்களைத் திரும்ப ஏற்றினால் போதும். எழுந்து பூஜை அறையை நோக்கிப் போனார். வசுந்தரா வாசலில் நின்றாள்.

“எங்க போறீங்க?”

“அஞ்சு நிமிஷம் போதும், வசு.”

“சாமி முன்னாடி உக்கார வெச்சாச்சு. நாளைக்குக் காலையில எழுப்பிக்கலாம்.”

“அது வெறும் கம்ப்யூட்டர்.”

“போன வருஷம் அப்படிச் சொல்லலையே. ‘இதுதான் என் ஆயுதம், அப்பா வாளுக்குப் பக்கத்துல வை’ன்னு நீங்கதானே சொன்னீங்க. எதிர்ல பாருங்க, தாத்யா ஒரு திருப்புளியக்கூடத் தொடலை.”

எதிர்க்கடை வாசலில் தாத்யா வெள்ளைத் தொப்பியோடு நின்றிருந்தார். “என்ன ஹிந்துராவ், நல்ல குடும்பத்துக்குச் சளியா?” என்று அன்பாக விசாரித்தார்.

“இன்ஜின் இன்னும் சூடேறலை தாத்யா, அவ்வளவுதான். கிளம்புறோம்.”

கருவியைத் தொடக்கூடாது; வெறுங்கையால் வேலை செய்யக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. வண்டியின் சீட்டு சாவியாலேயே திறக்கும். ஹிந்துராவ் சுற்றிலும் பார்த்தார். சற்றுமுன் உடைத்த தேங்காயின் நார் மூலையில் கிடந்தது. வண்டியைக் கடையின் பின்பக்கம் தள்ளச்சொல்லி, நாரைப் பிய்த்து காற்று வடிகட்டிக்கு முன்னாலிருந்த குழலில் அடைத்தார். முதலில் அடைத்தது அதிகமாகிவிட்டது. வண்டி மூச்சு முட்டி நின்றது. இழை இழையாக உருவினார். உர்மிளா கைப்பிடியைத் திருகித் திருகி விட, அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, காதால் கேட்டுக் கேட்டு நாரைத் தள்ளினார், இழுத்தார். இருமல் விக்கலாயிற்று, விக்கலும் அடங்கியது.

பின்வாசலில் நின்ற வசுந்தரா வியப்போடு சொன்னாள்: “அச்சு அசல் தாத்யாவப் பாத்த மாதிரியே இருக்கு.”

அவர் சீட்டைச் சாத்திப் பூட்டினார்.

ஊர்வலம் புறப்பட்டபோது தாத்யா, “வா, எம் பின்னால உக்காரு. ரெண்டு பேரும் சேர்ந்தே கேக்கலாம்,” என்று அழைத்தார். ஹிந்துராவ் மறுக்க முடியாமல் ஏறினார். தாத்யாவின் பழைய வண்டி கருப்பாகப் புகைந்தது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. முன்னால் உர்மிளா, பின்னால் இவர்கள். மலை வளைவுகளில் அவளுடைய வண்டி சாயும்போதெல்லாம் ஹிந்துராவும் சேர்ந்து சாய்ந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் தாத்யா காதைச் சற்றே திருப்புவார்; ஒன்றும் கிடைக்காமல் நேராக வைத்துக்கொள்வார்.

வண்டி இருமவில்லை. உச்சியில் ஜோதிபா பக்தர்களின் ‘சாங்பலம்’ முழக்கத்துக்கு நடுவே, ரோஜா நிறக் குலால் பொடி பறக்க, அது அமைதியாக நின்று முனகிக்கொண்டிருந்தது.

தாத்யா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். “ஏறிடுச்சு. ஒத்துக்கிறேன்,” என்றார். பிறகு குனிந்தார். சீட்டின் ஓரத்தில் ஓர் இழை வெளியே தலைநீட்டி ஆடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடித்து இழுத்தார். இழையோடு இழையாக முழுத் தேங்காய் நாரும் வெளியே வந்தது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.

தெருவே கூடி நின்று பார்த்தது. சிரிப்பு எழுவதற்குமுன் ஹிந்துராவ் பேசிவிட்டார். அணில் கூட்டிலிருந்து தேங்காய் நார் வரை ஒன்றையும் மறைக்கவில்லை.

“குழலத் திறந்து பாக்காமலே நம்பரை மாத்தினேன், தாத்யா. தப்பு என்னோடது. திரும்பிப் போனதும் பலகையக் கழட்டிடறேன்.”

தாத்யா நாரைக் கையில் உருட்டிப் பார்த்தார். “இவ்வளவு நார் போதும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? டிவிதான் தூங்குதே.”

“காதாலதான்.”

“காதாலயா.” அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி மெல்லப் பரவியது. “பந்தயம் இருமாம ஏறணும்னுதான். எதால ஏறணும்னு பேசலையே. பலகை இருக்கட்டும். ஆனா ஒண்ணு, நாளைக்கு முதல் வண்டி என்னோடது. நாலு வருஷமாப் புகையுது, என் காதுக்கும் பிடிபடல. உன் டிவி என்ன சொல்லுதுன்னு பாப்போம்.”

தசரா காலையில் மடிக்கணினி பூஜையிலிருந்து எழுந்தது. விசைகளின் இடுக்கில் குங்குமம் இருந்தது. தாத்யாவின் வண்டி மேடையேறியது. தெருவும் கூடவே வந்து நின்றது. புகைக்குழாய்க்குள் உணரியைச் செருக எடுத்த ஹிந்துராவ், அதைக் கீழே வைத்துவிட்டு, முதலில் காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டார். எதுவோ துணியாக அகப்பட்டது. விளிம்பை மட்டும் வெளியே இழுத்தார். சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.

தாத்யா அதைக் குனிந்து பார்த்தார். தம்முடைய அந்தத் துண்டைத் திருடிவிட்டாரென்று சொல்லித்தான் அவர் பக்கத்து வெல்டிங் கடைக்காரரோடு நான்கு வருடமாகப் பேசாமலிருந்தார். அந்த வெல்டிங் கடைக்காரரும் கூட்டத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலி வராம இருக்கச் சொருகி வெச்சேன்,” என்றார் தாத்யா தாழ்ந்த குரலில். “மறந்துட்டேன் போல.”

ஹிந்துராவ் துண்டை மேலும் இழுக்கப் போனார். தாத்யா சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேண்டாம் பாவா, எடுக்காத. வண்டி அதுக்குப் பழகிடுச்சு.”